பாலனும் மார்த்தாண்ட வர்மாவும்

மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாகும். அது 1938 ஜனவரியில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் உருவாகி மலையாள நாட்டை மகிழ்வித்த அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்தாருக்கும் பொதுவான செல்வம் ஒன்றை நாம் இழந்தோம்.

கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நிற்க, படச்சுருள் ஏன் விரைவில் அழிகிறது? அக்காலச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. வெடிபஞ்சுக்கு உறவான பொருள் அது. நாளடைவில் அது தானே சிதைந்து அமில ஆவியை வெளியிடும். அவ்வாவி சிதைவை மேலும் விரைவாக்கும். உருவம் மங்கும், சுருள் பிசுபிசுத்து ஒட்டும், முடிவில் பழுப்புப் பொடியாகும். தீப்பற்றினாலோ, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே அளிப்பதால், நீரில் அமிழ்த்தினும் அணையாது.

1950-ஆம் ஆண்டுகளில் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் அதன் இடத்தைப் பெற்றது. அதற்கும் நோய் உண்டு. சிதையுங்கால் காடி நாற்றம் வீசும். சுருள் சுருங்கி நெளியும். 21 டிகிரி செல்ஸியஸ் வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், புதிய சுருளும் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் இந்நிலையை அடையத் தொடங்கும். அங்ஙனமாயின் பாலக்காட்டு வேனிலிலும், இடுக்கி மலைகளின் பருவமழை ஈரத்திலும் அதன் ஆயுள் எவ்வளவு என்பதை நாமே உணரலாம்.

எனினும் ஒரு படம் தப்பியது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 1933-இல் வந்த ஊமைப்படம் ‘மார்த்தாண்ட வர்மா’. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயம் புத்தகசாலையார் வழக்குத் தொடுக்கவே, காட்சி நின்றது. பிரதி அவர்கள் வசமாயிற்று. படத்தை முடக்கிய வழக்கே அதற்குக் காவலும் ஆயிற்று. புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகம், பி. கே. நாயரின் முயற்சியால் 1974-இல் அதனைப் பெற்றது.

தற்செயலை நம்பி வரலாற்றைக் காத்தல் இயலாது. குளிர்ந்த, ஈரமற்ற அறையும், காலத்தில் எடுத்த மறுபிரதியுமே உண்மையான காவல். 2003 ஜனவரியில் புனேயிலேயே நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீக்கிரையானதையும் நாம் மறத்தல் ஆகாது.

சித்தூரிலோ கொல்லங்கோட்டிலோ மூணாற்றிலோ, மூடிய கொட்டகையொன்றின் பரணில் துருவேறிய தகரப் பெட்டி காணப்படின், வெள்ளிக்காக அதனை விலைபேச வேண்டா. அடுப்பருகே வையாது, காப்பகத்துக்குத் தெரிவிப்போம். அதனுள் இருப்பது நம் முன்னோரின் முகமாகவும் இருக்கலாம்.