உடலைக் கட்டும் முப்புரிக் கயிறு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகக் கல்வராயன் மலை அமைந்திருக்கிறது. அதன் காடுகளிலிருந்து கீழே இறங்கி வரும் பொருள்களுள் கடுக்காய் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் அதற்கு ஓர் இடம் உண்டு. தோல் பதனிடும் தொட்டியிலும் ஓர் இடம் உண்டு. பச்சைத் தோலை அப்படியே விட்டால் சில நாள்களில் அழுகிவிடும். கடுக்காய், ஆவாரம்பட்டை ஆகியவற்றின் சாற்றில் ஊறிய தோலோ செருப்பாகவும் வாராகவும் பல ஆண்டுகள் உழைக்கும்.

துவர்ப்பான இந்தச் சாறு தோலில் எதைப் பற்றிக்கொள்கிறது? இக்கேள்விக்கும், மனிதன் எவ்வாறு துள்ளி ஓடுகிறான் என்ற கேள்விக்கும் விடை ஒரே பொருளில் இருக்கிறது. கொலாஜன் என்னும் புரதமே அப்பொருள். அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்த பெருமையில் சென்னைக்கு முதன்மையான பங்கு உண்டு.

சவ்வு செய்யும் வேலை

ஆட்டிறைச்சியை நறுக்கும்போது, தசையைச் சுற்றிப் பளபளப்பான வெள்ளைச் சவ்வு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கத்திக்கு எளிதில் அகப்படாமல் வழுக்கும் அது. அதுவே தசையுறை. மருத்துவர்கள் அதனை ஃபாசியா என்பர். கட்டு அல்லது பட்டை என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது.

சாத்துக்குடிப் பழம் ஒன்றை உரித்துப் பாருங்கள். பழம் முழுவதற்கும் ஒரு தோல். ஒவ்வொரு சுளைக்கும் ஓர் உறை. சுளைக்குள்ளே ஒவ்வொரு சாற்றுப் பைக்கும் ஒரு மெல்லிய உறை. நம் உடலும் அவ்வாறே அமைந்துள்ளது. தசை முழுவதற்கும், தசைக் கட்டுகளுக்கும், தனித்தனித் தசை நார்களுக்கும் உறைகள் இருக்கின்றன. தசையின் முனையில் இவ்வுறைகள் ஒன்றுகூடித் தசைநாணாகி எலும்பைப் பற்றுகின்றன. தசை சுருங்கினாலும், அந்த விசையை எலும்புக்குக் கொண்டு சேர்ப்பது இந்தச் சவ்வும் நாணுமே. இவற்றில் நரம்பு முனைகளும் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

ஒதுக்கப்பட்ட பொருள்

இத்தகைய பொருள் நெடுங்காலம் மதிக்கப்படவில்லை. 1543-ஆம் ஆண்டில் வெசாலியஸ் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் படங்களில் தசைகள் துலக்கமாகத் தெரிகின்றன. அவ்வாறு தெரிய வேண்டுமானால், மேலே மூடியிருக்கும் சவ்வை முதலில் நீக்க வேண்டும். பிற்கால மருத்துவ மாணவர்களும் அதையே செய்தனர். நீக்கி எறியும் பொருளை ஆராய்வோர் குறைவு அல்லவா?

பிரான்சு நாட்டு மருத்துவர் பிஷா இதற்கு ஒரு விலக்கு. நுண்ணோக்கியை நாடாமலே, உடலில் 21 வகைத் திசுக்கள் இருப்பதாக வகுத்தார் அவர். சவ்வுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1802-ஆம் ஆண்டில், 30 வயதிலேயே அவர் மறைந்தார். சவ்வு எதனால் ஆனது, அதற்கு ஏன் இவ்வளவு வலிமை என்ற கேள்விகள் இன்னும் 150 ஆண்டுகள் காத்திருந்தன.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

1952-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது 29. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் குறிப்பிட்டார். அமெரிக்காவில் பாலிங்கும் கோரியும் 1951-இல் கூறிய அமைப்பு சோதனைகளோடு பொருந்தவில்லை. 1948-இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகில் அடையாற்றில் இருந்தது. தோலின் மூலப்பொருளை ஆராய இதைவிடப் பொருத்தமான சூழல் வேறு ஏது?

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ் கதிர்ப் படங்களின் மூலம் ஆராய்ந்தனர். கொலாஜன் மூலக்கூறு மூன்று புரதச் சங்கிலிகளால் ஆனது என்று 1954-ஆம் ஆண்டில் அவர்கள் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அடுத்த ஆண்டே அந்த அமைப்பைத் திருத்தினர்: மூன்று சங்கிலிகளும் தாமே முறுக்கேறியவை, அவை ஒன்றையொன்று சுற்றி மீண்டும் முறுக்கிக்கொள்கின்றன. நம் ஊரில் திரிக்கும் முப்புரிக் கயிறே இதற்கு உவமை. மூன்று புரிகளும் நெருங்கி அமைய நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் அமர்கிறது.

சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை என்பதில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரிச், கிரிக் ஆகியோர் 1955-இல் மாறுபட்டனர். வாதம் நெடுநாள் நீடித்தது. 1994-இல் கொலாஜனைப் போன்ற சிறு மூலக்கூறு ஒன்றின் படிகம் துல்லியமாக ஆராயப்பட்டது. பிணைப்பின் கணக்கில் ரிச்–கிரிக் கூற்று வலுப்பெற்றது; சென்னை கண்ட முப்புரி அமைப்போ உறுதியாக நிலைபெற்றது.

இனிக் கடுக்காயின் கதை விளங்கும். அதன் துவர்ப்புப் பொருளான டானின், அடுத்தடுத்த கொலாஜன் கயிறுகளைப் பற்றிப் பிணைத்துவிடுகிறது. அதனால் அவை நுண்ணுயிர்களுக்கு எளிதில் இரையாவதில்லை. திரிபலாவில் கடுக்காயுடன் சேரும் நெல்லிக்காய்க்கும் இக்கதையில் தொடர்பு உண்டு. உயிருள்ள உடலில் இக்கயிறு உறுதியாகத் திரிய வைட்டமின் சி வேண்டும். அது கிட்டாத பழைய கடலோடிகள் ஸ்கர்வி நோயால் ஈறு கரைந்து, புண் ஆறாமல் மாண்டனர். நெல்லிக்காயில் அந்த வைட்டமின் நிறைந்திருக்கிறது.

கங்காரு கற்பித்த பாடம்

சென்னைக்கு நாண் தந்த கங்காரு மற்றொரு பாடத்தையும் தந்தது. 1973-ஆம் ஆண்டில் டாசன், டெய்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் ஓடும் பட்டையின்மேல் கங்காருகளைத் துள்ளவிட்டு, அவை உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தனர். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவும் கூடும் என்றுதான் யாரும் எண்ணுவர். ஆனால் துள்ளத் தொடங்கிய பின் வேகம் கூடியும் செலவு கூடவில்லை! தரையில் இறங்கும்போது கங்காருவின் நீண்ட தசைநாண்கள் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. மறு துள்ளலில் சுருங்கி அதைத் திருப்பித் தருகின்றன. வில்லும் கவணின் பட்டையும் செய்யும் வேலை இது.

மனிதனிடமும் இவ்வில் இருக்கிறது. 1987-இல் அலெக்சாண்டர் என்னும் ஆங்கில விலங்கியலாரின் குழு மனிதப் பாதங்களைச் சோதித்தது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இழந்து மீட்கவேண்டிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதியைக் குதிகால் நாணும் பாதத்தின் வளைவும் சேமித்துத் தருகின்றன என்று அது கணக்கிட்டது. பாத வளைவைத் தாங்கும் நாணில் முதன்மையானது உள்ளங்கால் தசையுறை.

பயிற்சிக்கு இணங்குமா?

அப்படியானால் தசையைப் போலவே இவ்வுறையையும் நாணையும் பயிற்சியால் வலுப்படுத்தலாமா? 2007-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் தசையுறை ஆராய்ச்சிக்கென முதல் அனைத்துலக மாநாடு கூடியது. அதன் பின் இக்கேள்வி உடற்பயிற்சிக் கூடங்களிலும் பரவியது. சோதனைகள் சொல்வதைப் பார்ப்போம்.

முதலாவது, பளு போதிய அளவு வேண்டும். 2007-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், ஒரே மனிதனின் ஒரு காலுக்கு மிதமான பளுவும் மறு காலுக்கு மிகுந்த பளுவும் கொடுத்தனர். 14 வாரங்களுக்குப் பின், மிகுந்த பளுவைத் தாங்கிய காலின் குதிகால் நாணே விறைப்பும் பருமனும் பெற்றது.

இரண்டாவது, பொறுமை வேண்டும். 1998-இல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன், குதிகால் நாண் வலியால் அவதியுற்ற ஓட்டக்காரர்களைப் படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கும்படி செய்தார். நாள்தோறும் 180 முறை, 12 வாரங்கள். அவர்கள் மீண்டும் ஓடினர். தசை சில வாரங்களில் வலுப்பெறும். நாணுக்குப் பல மாதங்கள் ஆகும். இதை உணராமல் திடீரெனப் பளுவைக் கூட்டுவோர் காயமடைகின்றனர்.

மூன்றாவது, அழுத்தித் தேய்த்தால் தசையுறை உருமாறிவிடும் என்பதை அப்படியே நம்பவேண்டாம். தொடையின் புறவுறை, உள்ளங்கால் உறை போன்றவற்றைச் சிறிதளவு உருமாற்றவும் மனிதக் கைகளால் இயலாத பெருவிசை தேவை என்று 2008-இல் வெளியான கணக்கீடு காட்டியது. தேய்த்தலால் சற்று இதம் கிட்டலாம்; கயிறு புதிதாகத் திரிவதில்லை.

நான்காவது பாடமே மிகவும் முக்கியமானது. அணுகுண்டுச் சோதனைகளால் 1955 முதல் 1963 வரை காற்றில் கார்பன்-14 பெருகியது. அக்காலத்தில் உருவான திசுக்களில் அதன் முத்திரை பதிந்தது. டென்மார்க்கு விஞ்ஞானிகள் 2013-இல் அம்முத்திரையைக் கொண்டு குதிகால் நாணின் வயதைக் கணித்தனர். நாணின் நடுப்பகுதி மனிதனின் முதல் 17 ஆண்டுகளில் உருவாகிறது. அதன் பின் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். பெரியவர்கள் பயிற்சியால் பெறுவது, இளமையில் திரித்த கயிற்றின்மேல் செய்யும் திருத்தமே.

மலையும் மைதானமும்

கல்வராயன் மலையை மீண்டும் நோக்குவோம். ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்த இம்மலை 1976-ஆம் ஆண்டில்தான் முழுமையாக அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. சாலைகள் தாமதமாகவே வந்தன. மலைவாழ் மக்கள் விளைபொருளைச் சுமந்து ஏறியும் இறங்கியும் நடந்தனர். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பளுவைத் தாங்குகிறது. உறைகளும் நாண்களும் இழுபடுகின்றன. ஒவ்வொரு நடையும் அவற்றுக்கு ஒரு பயிற்சியாக இருந்தது.

இதற்காகச் சாலை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைத் தொட்டிலில் கட்டித் தூக்கிச் செல்லும் நிலை எந்த மலைக்கும் வேண்டாம். ஆனால் நடை குறையும்போது அதன் பயனுக்கு மாற்று ஒன்றும் வேண்டும். மலையிலாயினும் கள்ளக்குறிச்சி நகரிலாயினும், பேருந்தில் போய் வகுப்பில் அமர்ந்து திரும்பும் பிள்ளைக்கு அந்த 17 ஆண்டுகள் ஒருமுறைதான் வாய்க்கும்.

இதற்குச் செலவு மிகுந்த கருவிகள் தேவையில்லை. நொண்டி, பாண்டி, சடுகுடு, கயிறு தாண்டுதல் ஆகியவை துள்ளலும் திருப்பமும் நிறைந்த விளையாட்டுகள். நாணை இழுத்து விடுவிப்பவை. பள்ளிக்கு ஒரு மைதானமும், அட்டவணையில் உள்ள விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்காத ஆசிரியரும் இருந்தால் போதும். ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டிய கயிறு அந்த மைதானத்தில்தான் திரிக்கப்படுகிறது.