மின்சார சைக்கிள் ஓடவில்லையா? பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பினாங்கு, ஜார்ஜ்டவுன் சூலியா தெரு வட்டாரத்து சைக்கிள் கடைகளில் டயர், டியூப், செயின், பிரேக் கேபிள் வாங்குவது சுலபம். மின்சார சைக்கிளின் பேட்டரி, கண்ட்ரோலர், மோட்டார் அப்படியல்ல. வோல்ட், ஆம்பியர், ஒயர் இணைப்பு மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். கோளாறு எதில் என்று தெரியாமல் வாங்கினால், தோட்டத்திலிருந்து வந்த பஸ் காசும் வீண். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

பேட்டரி: 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், 48 வோல்ட் பேட்டரி (13 செல் வரிசை) 54.6 காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள்.

பிரேக்: பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் சிக்கிக்கொள்வதுண்டு. மோட்டார் சக்கரத்தைத் தூக்கி வைத்து, அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சக்கரம் சுழன்றால் கோளாறு சுவிட்சில்தான். கழற்றியபடியே சாலையில் ஓட்டாதீர்கள்.

மோட்டார்: திக்கித் திணறினால் ஹால் சென்சரைச் சோதிக்கவும். சுவிட்சைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றும்போது மூன்று சிக்னல் ஒயரிலும் 0, 5 வோல்ட் மாறி மாறி வர வேண்டும்.

இணைப்பு: மழையில் நனைந்து பச்சை படிந்திருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டுத் துடைத்தாலே சரியாகலாம்.

கடைக்குப் பழைய பாகத்தையும் கண்ட்ரோலர் லேபிளின் படத்தையும் கொண்டு செல்லுங்கள்.

உப்பிய, அடிபட்ட, தண்ணீர் புகுந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. 36 வோல்ட் பேட்டரிக்கு 48 வோல்ட் சார்ஜரும் ஆகாது. இரண்டிலும் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.