வாட்டர்ஃபோர்டு
அயர்லாந்தின் தென்கிழக்கில், ஷூர் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம். அந்நாட்டு நகரங்களில் மிகப் பழையது. கி.பி. 914இல் வைக்கிங்குகள் இங்கே தளம் அமைத்தனர். 1170இல் நகரைக் கைப்பற்றிய நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ, லெய்ன்ஸ்டர் மன்னரின் மகள் ஈஃபாவை இங்கேயே மணந்தார். ஆற்றோரத்து ரெஜினால்டு கோபுரம் காவலரண், நாணயச்சாலை, சிறை எனப் பல வேடங்கள் பூண்டு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

இவ்வூரின் தனிச்சிறப்பு என்று கட்டடக் கலைஞர் ஜான் ராபர்ட்ஸின் பணியையே சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டினர், கத்தோலிக்கர் ஆகிய இரு தரப்பின் பேராலயங்களையும் வடிவமைத்தவர் அவரே. மதப்பிளவு ஆழ்ந்திருந்த நாட்டில் இது அபூர்வம்.

1783இல் தொடங்கிய புகழ்பெற்ற கண்ணாடித் தொழிற்சாலை 1851இல் மூடப்பட்டது; தொழில் 1947இல் மீண்டும் தொடங்கியது. மாவு தூவிய ‘பிளா’ ரொட்டிக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.