கேமரன் மலைச் சடக்கு



‘இலையுதிர்காலம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் விழிக்கின்றனர். அவர்கள் மீது குற்றமில்லை. ஆண்டு முழுவதும் செம்பனை பச்சையாகவே நிற்கும் பந்திங்கில் எந்த இலை உதிர்வதை அவர்கள் காண்பார்கள்? பால்மரம் இலை கொட்டுவதைப் பார்த்தவர்கள் அவர்களுடைய பாட்டன் பாட்டிமார்; அதுவும் ஐப்பசியில் அன்று, தை மாசியில். ஆனால் ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர்காலம் என்று பெயரிட்டு அழைத்தனர். தொல்காப்பியம் கூதிரைக் குறிஞ்சி நிலத்திற்குரிய பொழுதாக வகுத்துள்ளது. மலையும் கூதிரும் சேர்ந்திருப்பதை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. எங்கள் வட்டாரத்தில் மலை என்று சொல்ல ஜுக்ரா குன்று ஒன்றுதான் உண்டு.

ஆகவே ஒரு தீபாவளி விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் மிதிவண்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு பேராக் மாநிலத்தின் தாப்பா நகருக்குச் சென்றோம். அங்கிருந்து கேமரன் மலைக்குப் பழைய சாலையில் மிதித்தே ஏறுவது என்று முடிவு.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட நாங்கள் ரிங்லெட்டை அடைந்தபோது பிற்பகல் மூன்று. இடையே ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லை; ஆனால் ஏற வேண்டிய உயரம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே இளைப்பாறினோம். அதற்கு மேல் வண்டியில் அமர்ந்திருந்ததைவிட அதனைத் தள்ளிக்கொண்டு நடந்ததே மிகுதி. காரில் சென்றால் குழந்தைகள் வாந்தி எடுப்பது மட்டுமே நினைவில் நிற்கும் அந்த வளைவுகளை, நடக்கும் வேகத்தில் பார்த்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. இந்தச் சரிவை முதலில் வெட்டியவர் யார்?

மலைக்குப் பெயர் தந்தவர் நில அளவையாளர் வில்லியம் கேமரன். 1885ஆம் ஆண்டு பகாங், பேராக் எல்லைப் பகுதியை ஆராய வந்தவர், மலைகளுக்கு நடுவே மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக அறிக்கை எழுதினார். ஆனால் அவ்விடத்தைத் தம் வரைபடத்தில் சரிவரக் குறிக்கவில்லை. கண்டும் காட்டாமல் போனவரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது! அங்கே செமாய் மக்கள் நெடுங்காலமாகவே வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அம்மேட்டுநிலத்தை உடல்நலம் பேணும் வாசஸ்தலமாக்க விரும்பினார். ஒரு குறுகிய காட்டுப்பாதை வெட்டப்பட்டதோடு அம்முயற்சி நின்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இலங்கையின் நுவரெலியாவோடு ஒப்பிட்டு எடைபோட்ட பின்னரே திட்டம் உயிர் பெற்றது.

சாலைப் பணி 1928 ஜனவரி முதல் நாள் தொடங்கியது. ஒப்பந்தம் பெற்றது ஃபோக்டன் பிரிஸ்பேன் என்னும் நிறுவனம். பணி உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 3,000 தொழிலாளர்கள் இருந்தனர் என்பர். மழையும் மண்சரிவும் ஒருபுறம், மலேரியா மறுபுறம். கனமான தளவாடங்களை மேலேற்ற நீராவி இழுவை வண்டிகள் உதவின; பாறையைப் பிளந்ததும் மண்ணைச் சுமந்ததும் பெரும்பாலும் மனிதக் கைகளே. 1931இல் சாலை திறக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1929இன் இறுதியில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை சரிந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1930இல் நிறுத்தப்பட்டது. வேலையிழந்த தமிழர் பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். கீழே தோட்டங்களில் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த அதே வேளையில், மேலே ஒரு சடக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

தேயிலையும் அப்போதுதான் வந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். துணைக்கு வந்த மில்ன் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள். இவற்றைக் கொண்டு செங்குத்தான காடு அழிக்கப்பட்டது. அந்த இலங்கை மலைநாட்டை உருவாக்கியவர்களும் நம்மவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றார்கள். காலராவும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. நாங்கள் பொழுதுபோக்காக ஏறிய ஏற்றத்திற்கு எவ்வளவு சலித்துக்கொண்டோம் என்பதை எண்ணி அன்றிரவு வெட்கப்பட்டேன்.

மறுநாள் வண்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, சுங்கை பாலாஸ் வழியாகப் பிரிஞ்சாங் சிகரம் நோக்கி நடந்தோம். கூதிர் என்றால் என்ன என்பது அங்கே விளங்கியது. பத்தடி தள்ளி இருப்பவர் பனிமூட்டத்தில் மறைகிறார். பாசி படர்ந்த மரங்களிலிருந்து மழை நின்ற பின்னும் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அழகுதான். ஆனால் இம்மழையே 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை சுல்தான் அபூபக்கார் அணையை நிரப்பியது. நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின.

தேயிலைச் சரிவில் இப்போது இலை எடுப்போர் பெரும்பாலும் அயல்நாட்டினர். நம் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர், அது நல்லதே. ஆயினும் சாலையோரக் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், எங்கள் சேறு படிந்த கால்களைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

“தாப்பாச் சடக்கிலயா ஏறி வந்தீங்க, வாத்தியாரே? அதுக்குக் கல்லு உடைச்சவரு எங்க தாத்தா.”

எந்த மைலில் வேலை செய்தார் என்று கேட்டேன். தெரியாது என்றார். தமிழகத்தில் எந்த ஊர் என்பதும் தெரியவில்லை. பெயரை மட்டும் சொன்னார். ஒப்பந்த நிறுவனத்தின் பெயரையும் துரைமாரின் பெயர்களையும் நான் நூல்களில் படித்திருக்கிறேன். கல் உடைத்த ஒருவரின் பெயரைக் கேட்டது அதுவே முதல்முறை. குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்து, “ழகரம், வாத்தியாரே, ளகரம் இல்லை” என்று திருத்தினார். தமிழாசிரியனுக்கு இது தேவைதான்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறைச் சுவரின் அடியில் ஒதுங்கி நின்றோம். உடன் வந்தவர்கள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தனர். நான் குறிப்பேட்டை நெகிழிப் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.