1985-ல் நம்பர் 1... பிறகு ‘மோசமான பாட்டு’! ஒரே பாட்டுக்கு ஏன் இரண்டு தீர்ப்பு?

அமெரிக்காவின் ஸ்டார்ஷிப் குழு பாடிய ‘வி பில்ட் திஸ் சிட்டி’, 1985 நவம்பரில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே பாட்டைத்தான் 2011-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வாசகர்கள் 80-களின் மிக மோசமான பாட்டுன்னு தேர்ந்தெடுத்தாங்க. எப்படி?

அன்றைய பில்போர்டு கணக்கில் இசைத்தட்டு விற்பனையும் வானொலி ஒலிபரப்பும்தான் சேரும். பிடிக்காமல் ரேடியோவை அணைத்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். வாக்கெடுப்பில்தான் அவர் குரல் கேட்கும்.

பாட்டின் நடுவே ஒரு ரேடியோ அறிவிப்பாளர் பேசுவார். சில நிலையங்கள் அந்த இடத்தில் தங்கள் ஊரைப் பற்றிய வர்ணனையைச் சேர்த்து ஒலிபரப்பின. கேட்டவர்களுக்கு அது நம்ம ஊர் பாட்டு!

ராக் ரசிகர்களின் கோபம் வேறு. ராக் இசைக்காகப் பரிந்து பேசும் பாட்டு, சின்தசைசர் பளபளப்போடு வந்தது. பாடியவர்களில் ஒருவர், 60-களில் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவில் கலக்கிய கிரேஸ் ஸ்லிக். பழைய ரசிகர்களுக்கு வலிக்காதா என்ன?