காற்றில் குளிரும் இன்ஜினும் ஒரு கருகிய வால்வும்



மலருக்கு ஏதாவது எழுது என்று விழாக் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் எழுத்தாளன் இல்லை. ஜெர்மனியில் ஹனோவர் பக்கம் வேலை பார்க்கும் சாதாரண மெக்கானிக்கல் ஆசாமி. ஆனால் நம் ஐ.சி. இன்ஜின் லேபில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு பாடத்தை நான் மறந்ததும், அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து அபராதம் கட்டியதும் இந்த மலரில்தான் சொல்லத் தகுந்த விஷயம் என்று தோன்றியது. அதற்கு ஒரு பழைய வேனின் சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லேபில் இருந்த அண்ணாச்சியை நினைவிருக்கிறதா? நாமெல்லாம் ரோப் பிரேக்கில் எடையை ஏற்றி இறக்கி, ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சிலிருந்து காப்பி அடித்துக் கொண்டிருப்போம். அவர் கையைக் கட்டிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக் கொண்டிருப்பார். ஒருநாள் டக் டக் என்று ஏதோ சத்தம் வர, நான் பதறிப்போய் எரிபொருளை நிறுத்தப் போனேன். “தம்பி, சத்தம் வந்தா பயப்படாதீங்க. வந்துட்டிருந்த சத்தம் நின்னா பயப்படுங்க” என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டோம். வைவாவில் யாரும் கேட்காத பாடம் அது.

சில வருஷங்களுக்கு முன் 1973-ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் ஒன்றை வாங்கினேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, சின்ன அலமாரி, தூக்கினால் கூடாரமாக விரியும் கூரை. பின்பக்கம் 1584 சி.சி., 50 குதிரைத்திறன் இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. எல்லாம் காற்றுதான். வீட்டில், “இந்தத் தகர டப்பாவுக்கா இவ்வளவு பணம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல 1947-க்குப் போக வேண்டும்.

போர் முடிந்து வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்த காலம். மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அதை நடத்திக் கொண்டிருந்தார். ஷெட்டுக்கு ஷெட் சாமான் ஏற்றிச் செல்ல, கார் சேஸிஸின் மேல் பலகை அடித்தது போல ஒரு தட்டு வண்டியைத் தொழிலாளர்கள் தாங்களே செய்து ஓட்டினார்கள். அதைப் பார்த்தார் நெதர்லாந்து இறக்குமதியாளர் பென் பான். 1947 ஏப்ரல் 23 அன்று தன் நோட்டுப் புத்தகத்தில் ரொட்டி போன்ற ஒரு பெட்டியை வரைந்தார். முன்னால் ஓட்டுநர், பின்னால் இன்ஜின், நடுவில் சரக்கு. அவ்வளவுதான் படம். ஆனால் அதில் ஒரு நல்ல இன்ஜினியரிங் யோசனை இருந்தது. பாரம் இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்காருவதால், வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் முன்பின் சமநிலை பெரிதாக மாறாது.

1948-இல் ஹெய்ன்ஸ் நோர்ட்ஹாஃப் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. முதல் மாதிரியை பீட்டில் காரின் அடித்தளத்தின் மேலேயே கட்டினார்கள். சோதனை ஓட்டத்தில் அது பாரம் தாங்காமல் தொய்ந்து போனது. நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் பீம் கணக்கு போட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது! பிறகு நீளவாக்கில் சட்டங்கள் வைத்து, பாடியையே தாங்கும் அமைப்பாக மாற்றினார்கள். பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து மூக்கை உருண்டையாக்கினார்கள். 1950 மார்ச்சில் உற்பத்தி ஆரம்பம். அப்போது இன்ஜின் 1131 சி.சி., 25 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு முக்கால் டன் இழுக்க வேண்டும். அதற்காகப் பின் சக்கரங்களின் அருகிலேயே கூடுதலாக ஒரு பல்சக்கர ஜோடியைக் கொடுத்தார்கள்.

1951-இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இந்த வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய ஒரு கேம்பிங் பெட்டியைச் செய்தது. வாரநாளில் சரக்கு வண்டி, ஞாயிற்றுக்கிழமை வீடு! கேம்பர் பிறந்த கதை இதுதான். 1956 முதல் இந்த வேன்கள் ஹனோவரில் தயாராயின. 1967-இல் முன் கண்ணாடி ஒரே வளைவாக மாறிய இரண்டாம் தலைமுறை வந்தது. என் வண்டி அந்த ஜாதி.

காற்று ஏன்? இது வைவா கேள்வி. அந்தக் காலத்து ஜெர்மனியில் கார் ஷெட் இல்லாத ஜனங்கள்தான் அதிகம். குளிர்காலத்தில் தெருவில் நிற்கும் வண்டியில் தண்ணீர் உறைந்தால் பிளாக்கே வெடிக்கும். காற்று உறையாது, ஒழுகாது, காசும் கிடையாது. ஆனால் எதுவும் சும்மா வராது. தண்ணீர் செய்கிற வேலையில் ஒரு பங்கை இங்கே எண்ணெய் செய்தாக வேண்டும். அந்த எண்ணெயோ வெறும் இரண்டரை லிட்டர். ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பிவலைச் சல்லடை மட்டும். அதனால் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்று, வால்வைச் சரி பார் என்பது விதி. தொழிற்சாலை விலையைக் குறைத்துக் கொடுத்தது. மிச்ச இன்ஜினியரிங்கை வாங்கியவர் தலையில் வைத்தது. நான் புரிந்துகொண்டவரை இந்த வண்டியின் சரித்திரமே இந்த உடன்பாடுதான்.

அமெரிக்காவில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜான் மியூர். விமான நிறுவனத்தில் வேலை பார்த்த இன்ஜினியர். வேலையை விட்டு நியூ மெக்ஸிகோ பக்கம் ஒதுங்கி, 1969-இல் ஃபோக்ஸ்வேகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒன்றுமே தெரியாதவனுக்காக, பீட்டர் ஆஷ்வாண்டன் வரைந்த படங்களோடு, ஸ்பேனரைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கும் புத்தகம். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நம் நாட்டுக்கு இளைஞர்கள் வேன் ஓட்டி வந்த காலமும் அதுதான். அந்தத் தரைவழி 1979-இல் அரசியல் மாற்றங்களால் அடைபட்டது. வழியில் மெக்கானிக் கிடைக்காத பாதையில் அவர்களை ஊர் சேர்த்தது சொந்தக் கையும் ஒரு பெட்டி ஸ்பேனரும்தான்.

இப்போது என் கதை.

முதல் இரண்டு வருஷம் நான் ஒழுங்கு. சனிக்கிழமை காலை, ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின். ட்யூனிங்குக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வால்வு, பிறகு சி.பி. பாயின்ட், பிறகு டைமிங், கடைசியில் கார்ப்பரேட்டர். இதைத் தலைகீழாகச் செய்தால் ஒவ்வொன்றும் மற்றதைக் கெடுக்கும். வால்வு இடைவெளி 0.15 மி.மீ., பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-4-3-2. கிராங்க் புல்லியைப் பின்னோக்கி அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பினால் 1, 2, 3, 4 என்று வரிசையாகவே வால்வுகளைப் பார்த்து விடலாம். யாரோ சொல்லிக் கொடுத்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை நம் ஆட்கள் மட்டும்தான் புரிந்துகொள்வார்கள்.

பிறகு வேலை, குழந்தை, இன்னும் வேலை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு வருஷம் ஓடியது. அந்த வருஷம் இன்ஜினில் ஒரு முன்னேற்றம் தெரிந்தது. பழைய ‘டிக் டிக்’ குறைந்து, வண்டி மெத்தென்று ஓடியது. நண்பர் ஒருவரிடம், “பாருங்க, என் கை பட்டதும் இன்ஜின் எப்படி அமைதியாயிடுச்சு!” என்று பெருமை வேறு அடித்தேன்.

அண்ணாச்சி இருந்திருந்தால் தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பார். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் மெல்ல நீள்கிறது, சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்கிறது. அதனால் ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைகிறது. இடைவெளி போனால் சத்தமும் போய்விடும். பிறகு வால்வு முழுதாக மூடாது. மூடி உட்காரும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்கி வைக்கும். உட்கார இடமில்லாதவனுக்கு இளைப்பாறுதல் ஏது? இடுக்கு வழியாக நெருப்புக் காற்று பீறிட்டு ஓரத்தையே அரித்துவிடும்.

கோஸ்லாரிலிருந்து க்ளவ்ஸ்தாலுக்கு ஏறும் ஹார்ஸ் மலைச்சாலையில் அது நடந்தது. மாலை நேரம், மழை, பின்னால் மூன்று வயது மகள் தூக்கத்தில். “என்னங்க, வண்டி இருமுதே?” என்றாள் மனைவி. இரண்டாம் கியர், முதல் கியர், பிறகு ஒன்றுமில்லை. ஓரமாக நிறுத்தி, லாரி ஒவ்வொன்றும் உரசிப் போகும்போது வண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, இழுவை வண்டி வரும்வரை காத்திருந்தோம். எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான். என் சோம்பேறித்தனத்தின் பின் இருக்கையில் என் பிள்ளை படுத்திருந்தாள்.

கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்று சிலிண்டர்கள் 7 பாருக்கு மேல் காட்டின. மூன்றாம் நம்பர் 3-ஐக்கூடத் தொடவில்லை. பழைய மாடல்களில் எண்ணெய்க் கூலர் காற்றாடிப் பெட்டிக்குள்ளேயே நின்று, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஓரிரு டிகிரி தாமதமாகப் பொறி விழும்படி வைத்திருந்தார்கள். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனியறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே என் விஷயத்தில் டிசைனைக் குறை சொல்ல வழியில்லை. குற்றவாளி நான்தான்.

இன்ஜினை நானே இறக்கினேன். பேட்டரி, பெட்ரோல் குழாய், கேபிள்கள், வயர்கள், பிறகு போல்ட்டுகள். நூறு கிலோவைத் தாண்டும் எடையை டிராலி ஜாக்கில் இறக்கும்போது கை நடுங்கியது உண்மை. ஹெட்டின் எட்டு நட்டுகளையும் கழற்றி வெளியே எடுத்தால், எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு பள்ளம்.

இன்னொன்றும் கண்டேன். இன்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களில் ஒன்றும், ஓரத்து ரப்பர் சீலும் காணோம். முன்பு வைத்திருந்த யாரோ கழற்றியிருக்க வேண்டும். திறந்துவிட்டால் காற்று அதிகம் போகும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். அந்தத் தகரம்தான் மேலேயுள்ள குளிர்ந்த காற்றையும் கீழேயுள்ள சூடான காற்றையும் பிரிக்கும் சுவர். அது இல்லாவிட்டால் காற்றாடி தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும். வாங்கிய அன்றே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

புது வால்வு, சீட்டில் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பு, புது சீல், கூடவே புது பெட்ரோல் ஹோஸ். ஹோஸ் மூன்று யூரோ சமாச்சாரம்தான். ஆனால் பழைய ஹோஸ் வெடித்துத் தீப்பிடித்தால் இந்த வண்டியின் மெக்னீசியம் கிராங்க் கேஸும் சேர்ந்து எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் தயவு செய்து இன்றே பாருங்கள்.

ஜெர்மனியில் காற்றுக் குளிர்ச்சி 1980-களின் தொடக்கத்தில் முடிந்தது. பிரேசிலில் அது 2005 வரை ஓடியது. தண்ணீர் இன்ஜினோடு அங்கே அதே பெட்டி 2013 கடைசி வரை தயாரானது. 2014 முதல் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். நியாயமான சட்டம். என் வேனில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகரமும் கடவுளும்தான். ஹனோவரில் 2022 முதல் அதே வடிவத்தை நினைவூட்டும் மின்சார வேன் வருகிறது. அதில் டேப்பட் இல்லை, பாயின்ட் இல்லை, சனிக்கிழமை வேலையும் இல்லை. என் மகள் பெரியவளாகி அதைத்தான் ஓட்டுவாள். எனக்கு வருத்தமில்லை.

என் வண்டி இப்போது ‘டிக் டிக்’ என்று ஓடுகிறது. காதுக்கு இதமாக இருக்கிறது.

விழாவுக்கு வரும்போது அந்தக் கருகிய வால்வைப் பெட்டியில் எடுத்து வருகிறேன். ரிட்டயர்டான அண்ணாச்சியும் வருவதாகச் சொன்னார்கள். வால்வை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.