ஒரு துணுக்கு டி.என்.ஏ.வின் பயணம்

அது பிறந்தது ஒரு குவாகா சிப்பியின் உடலில். விரல் நகம் அளவே இருக்கும் அந்தச் சிப்பிக்குப் பூர்வீகம் உக்ரைனின் தினீப்பர் ஆற்றுப் பகுதி. சரக்குக் கப்பல்கள் நிலை தடுமாறாதிருக்க நிரப்பிக்கொள்ளும் நீரில் ஏறி, அந்த இனம் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1989இல் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் தென்பட்டது. 2007 ஜனவரியில், லாஸ் வேகாஸ் அருகேயுள்ள மீட் ஏரியில்! வண்டிகளில் ஏற்றிச் சென்ற படகுகளில் ஒட்டிக்கொண்டு சாலைவழியே போயிருக்க வேண்டும். ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டைகள்வரை இடும். தண்ணீர்க் குழாய்களை அடைக்கும். மீன்குஞ்சுகளுக்கான இரையை வடித்துத் தின்றுவிடும். பெரிய ஏரி ஒன்றில் பெருகிவிட்டால் பிறகு அதை ஒழிக்க வழியில்லை. ஆகவே, சிப்பி கண்ணில் படுவதற்கு முன்பே அது வந்திருப்பது தெரிந்தாக வேண்டும்.

அதற்குத் துப்பு கொடுப்பது சிப்பியேதான்: சளியோடும் கழிவோடும் அது தன் டி.என்.ஏ.வை நீரில் உதிர்க்கிறது. வெயிலும் நுண்ணுயிர்களும் அந்த டி.என்.ஏ.வை உடனே அரிக்கத் தொடங்கும். சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில், அது அழிந்துவிடும். அதற்குள் யாரேனும் ஒரு பாட்டில் நீர் மொண்டால் நம் துணுக்கு வடிதாளில் சிக்கி, பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகம் போய்ச் சேரும். அங்கே அதைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கில் படியெடுத்து, சூடாக்கி ஈரிழையை ஒற்றையிழையாக்குவார்கள்.

அடுத்த கட்டம்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்களும் உயிரியலாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய பிளாஸ்டிக் மணிகள். அவற்றின் மேல் குவாகாவின் டி.என்.ஏ.வுக்கு மட்டுமே பொருந்தும் குட்டி இழைகள். துணுக்கு தன் இணையைக் கண்டதும் பற்றிக்கொள்கிறது. மணி பருக்கிறது. வெவ்வேறு அலைநீள லேசர் ஒளியை அந்தக் கரைசலுக்குள் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் மணிகளின் பருமனைக் கணக்கிட்டுவிடலாம். பருத்திருந்தால் அந்த நீரில் குவாகாவின் டி.என்.ஏ. இருக்கிறது. குவாகாவின் நெருங்கிய உறவான வரிக்குதிரைச் சிப்பியின் டி.என்.ஏ. வந்தால் மணி பருக்காது. 2011இல் இதைச் செய்து காட்டினார்கள்.

ஒளி அளவீட்டுக்குச் சில நொடிகள் போதும். ஆனால் அதற்கு முந்தைய வடிகட்டலும் படியெடுப்பும் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கின்றன. துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும்போதே பதில் சொல்ல வேண்டுமானால் அந்த நேரம்தான் குறைய வேண்டும். துணுக்கு உயிருள்ள சிப்பியுடையதா, செத்ததுடையதா என்பதையும் மணி சொல்லாது. அதை அறிய, நீர் மொண்ட இடத்துக்கே திரும்பிப் போய்ப் படகுத்துறைத் தூண்களையும் பாறைகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.